மெர்சிக்கு அந்த ஒரு முடிவைத் திருப்பிக் கொடுங்க!

2017 செப்டம்பரில் ஓவர்வாட்ச் கேமில் மெர்சி என்ற ஹீரோவை, ஆளே மாறிப்போகிற அளவுக்கு மாற்றினார்கள். அந்த மாற்றம் தவறு, அதைத் திரும்பப் பெறணும் என்பதுதான் இந்தக் கட்டுரை. "இத்தனை வருஷம் கழிச்சா?" என்று கேட்பீங்க. ஆமாம், இத்தனை வருஷம் கழிச்சுத்தான். மாற்றுவதற்கு அவங்க சொன்ன காரணம் ஒன்று, மாற்றிய பிறகு நடந்தது வேறொன்று. அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை.

இந்த கேமை ஆடாதவங்களும் தாராளமா படிக்கலாம். தேவையானதை எல்லாம் முதலில் சொல்லிடுறேன். ஆடுறவங்க ஒரு பத்தி தாண்டிப் போனாலும் கோவிச்சுக்க மாட்டேன்.

கேம் எப்படி நடக்கும்?

ஓவர்வாட்ச், ப்ளிசார்ட் நிறுவனம் 2016 மே 24 அன்று வெளியிட்ட டீம் ஷூட்டர். அப்போது ஒரு பக்கம் ஆறு பேர், எதிர்ப்பக்கம் ஆறு பேர். 2022 அக்டோபரில் ஓவர்வாட்ச் 2 என்று மாறியபோது அது 5-க்கு 5 ஆனது, காசு கொடுத்து வாங்கத் தேவையில்லாமலும் ஆனது. நான் உள்ளே வந்தது அப்போதுதான். ஃப்ரீ என்று சொன்னால் வராமல் இருப்போமா?

ஒவ்வொருத்தரும் ஒரு ஹீரோவைத் தேர்வு செய்து ஆடணும். அடி தாங்குகிறவர் டேங்க், அடிக்கிறவர் டேமேஜ், மற்றவங்களைக் காப்பாற்றுகிறவர் சப்போர்ட். ஒவ்வொரு ஹீரோவுக்கும் சில சின்னத் திறமைகள் இருக்கும். ஒரு தடவை பயன்படுத்தினால் சில வினாடி காத்திருந்துதான் மறுபடி பயன்படுத்த முடியும். அந்தக் காத்திருப்புதான் கூல்டவுன். இது போக ஒவ்வொருத்தருக்கும் ஒரு பெரிய திறமை உண்டு. அதற்குப் பெயர் அல்டிமேட். நாம் அடிக்க அடிக்க, காப்பாற்றக் காப்பாற்ற அது கொஞ்சம் கொஞ்சமா சார்ஜ் ஆகும். ஒரு மேட்சில் சில தடவைதான் கிடைக்கும் என்பதால் எல்லாரும் அதைப் பொத்திப் பொத்தி வைத்திருப்பாங்க.

செத்தால் கேம் முடிந்துவிடாது. சில வினாடி கழித்து நம்ம ஆரம்ப இடத்தில் உயிரோடு வருவோம், அங்கிருந்து சண்டை நடக்கிற இடத்துக்கு நடந்து வரணும். அந்த இடைவெளியில் நம்ம டீமில் ஆள் குறையும். ஆள் குறைந்த டீம் பெரும்பாலும் அந்தச் சண்டையில் தோற்கும்.

இது நமக்குத் தெரியாத விஷயமே இல்லை. கபடியில் அவுட் ஆனவர் வெளியே உட்கார்ந்திருப்பார். நம்ம ரெய்டர் எதிரியைத் தொட்டுவிட்டு வந்தாலோ, நாம எதிர் ரெய்டரைப் பிடித்தாலோ அவர் உள்ளே வருவார். ஏழு பேரோடு ஆடுறதுக்கும் மூணு பேரோடு ஆடுறதுக்கும் என்ன வித்தியாசம் என்று டிவியில் கபடி பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். மூணு பேரை ஒரே ரெய்டில் தொட்டு, வெளியே இருந்த மூணு பேரையும் உள்ளே கொண்டுவருகிற சூப்பர் ரெய்டு நடந்தால் மொத்த ஆட்டமும் திரும்பும். இதை ஞாபகம் வைச்சுக்கோங்க, பழைய மெர்சியைப் புரிந்துகொள்ள இது போதும்.

பழைய மெர்சி

கதைப்படி மெர்சி ஒரு ஸ்விட்சர்லாந்து டாக்டர். பெயர் ஏஞ்சலா ஸீக்லர். முதுகில் இறக்கை, கையில் ஒரு கோல். கோலிலிருந்து மஞ்சள் ஒளி வந்தால் கூட்டாளியின் காயம் ஆறும், நீல ஒளி வந்தால் கூட்டாளி அடிக்கிற அடி 30 சதவீதம் கூடும். கூட்டாளி ஒருத்தரைப் பார்த்து பட்டனை அழுத்தினால் அவரிடம் பறந்து போகலாம்.

2016-ல் கேம் வெளியானபோது அவங்களுடைய அல்டிமேட், உயிர்ப்பித்தல். 15 மீட்டர் சுற்றளவுக்குள் செத்துக் கிடக்கிற எல்லாக் கூட்டாளிகளும் முழு உயிரோடு எழுந்து நிற்பாங்க. அஞ்சு பேர் செத்திருந்தால் அஞ்சு பேரும். ஆடுறவங்க இதை மாஸ் ரெஸ் என்று சொல்வாங்க.

கேட்க சுலபமா இருக்கு, இல்லையா? பட்டனை அழுத்தணும், எல்லாரும் எழுந்துப்பாங்க. ஆனால் கஷ்டம் பட்டனில் இல்லை, எப்போது அழுத்துவது என்பதில்தான்.

ஒரு உதாரணம். நம்ம டீமில் ரெண்டு பேர் செத்தாச்சு. எதிர் டீமில் ஸார்யா என்கிற ஹீரோ தன் அல்டிமேட்டை இன்னும் பயன்படுத்தவில்லை. அது எல்லாரையும் ஒரே இடத்துக்கு இழுத்துக் கட்டிப்போடுகிற அல்டிமேட். இப்பவே ரெண்டு பேரை எழுப்பினால் ஆறுக்கு ஆறு ஆகிடும், ஆனால் அடுத்த நிமிஷமே ஸார்யா எல்லாரையும் இழுத்துச் சுருட்டிப் போட்டுக் கொன்றால் என் கையில் ஒன்னும் இருக்காது. சரி, காத்திருக்கலாம் என்றால், நாலு பேர் சாகிற வரைக்கும் நான் உயிரோடு இருப்பேனா? நான் செத்தால் அல்டிமேட் கையில் இருந்தும் பிரயோஜனம் இல்லை. அப்படியே நாலு பேரை எழுப்பினாலும், அவங்க எழுந்திருக்கிறது செத்த இடத்திலேயே, அதாவது எதிரிகளுக்கு நடுவில். எதிரியிடம் இன்னொரு அல்டிமேட் மிச்சம் இருந்தால் எழுந்தவங்க மறுபடி படுத்துடுவாங்க.

எதிர்ப்பக்கத்திலும் இதே யோசனை ஓடும். மெர்சியை முதலில் கொல்லணுமா? அல்டிமேட்டை எல்லாம் கொட்டித் தீர்க்காமல் ஒன்றை மட்டும் உயிர்ப்பித்தலுக்குப் பிறகு பயன்படுத்த ஒதுக்கி வைக்கணுமா? ரெண்டு டீமும் ஒருத்தர் மனசை ஒருத்தர் படிக்கணும்.

மற்ற சப்போர்ட் அல்டிமேட்களோடு ஒப்பிட்டால் இதன் தனித்தன்மை தெரியும். ஸென்யாட்டா என்ற ஹீரோவின் அல்டிமேட் பக்கத்தில் இருக்கிற கூட்டாளிகளுக்கு நொடிக்கு 300 அளவு உயிர் கொடுக்கும். லூசியோவின் அல்டிமேட் எல்லாருக்கும் தற்காலிகக் கவசம் போடும். ரெண்டுமே அடி விழுவதற்கு முன்னால், அல்லது விழுகிற அந்த நொடியில் போட வேண்டியவை. எல்லாம் முடிந்த பிறகும் வேலை செய்கிற பதில் மெர்சியிடம் மட்டும்தான் இருந்தது.

அதைவிட முக்கியமான ஒன்று இருக்கு. மெர்சி ஆடுறதுக்குக் குறி பார்த்துச் சுடத் தெரியணும் என்று அவசியம் இல்லை. கோலின் ஒளி தானாகவே கூட்டாளி மேல் ஒட்டிக்கொள்ளும். வேகமான கை, விலை கூடின மவுஸ், 144 ஹெர்ட்ஸ் மானிட்டர், குறைந்த பிங் எல்லாம் இருக்கிறவங்களுக்காகவே செய்த மாதிரி இருக்கிற ஒரு வகை கேமில், இதெல்லாம் இல்லாத ஒருத்தரும் மேட்சைத் திருப்பிப் போடலாம் என்ற வாசல் அது. அதற்குத் தேவை கணக்கு, பொறுமை, எதிரி என்ன யோசிக்கிறான் என்ற ஊகம். ஹாஸ்டல் வை-ஃபையில் கேம் ஆடின யாருக்கும் இந்த வாசலின் மதிப்பைத் தனியா விளக்கத் தேவையில்லை.

ஏன் மாற்றினாங்க?

ப்ளிசார்ட் காரணமே இல்லாமல் கை வைக்கவில்லை. அவங்க சொன்ன காரணங்கள் ரெண்டு.

முதல் காரணம், எதிர்த்து ஆடுறவங்களுக்கு எரிச்சல். கஷ்டப்பட்டு நாலு பேரைக் கொன்றால், ஒரு பட்டனில் நாலு பேரும் எழுந்து நிற்கிறாங்க. ரெண்டாவது காரணம், மெர்சி ஆடுறவங்க கூட்டாளிகளுக்கு உயிர் கொடுக்கிற வேலையை விட்டுவிட்டு ஒரு மூலையில் ஒளிந்துகொண்டு, எல்லாரும் சாகட்டும் என்று காத்திருக்கிறாங்க. டாக்டர் வேஷம் போட்டவர் நோயாளி சாகக் காத்திருக்கிறது நல்லாவா இருக்கு?

ரெண்டும் உண்மையான பிரச்சினைதான். ஆனால் இந்த ரெண்டு பிரச்சினையும் எங்கிருந்து வந்தது என்று பார்க்கணும். உயிர்ப்பித்தலுக்கு, செத்தவங்களை நேரில் பார்க்கணும் என்ற நிபந்தனையே இல்லை. சுவருக்குப் பின்னால், மாடிக்குக் கீழே என்று எங்கே நின்றும் எழுப்பலாம். அப்புறம் ஒளியாமல் என்ன செய்வாங்க? போதாக்குறைக்கு, இந்தப் பெரிய மாற்றத்துக்குச் சில மாதம் முன்னால்தான் உயிர்ப்பிக்கிற அந்தச் சிறு நேரத்தில் மெர்சி மேல் அடியே விழாது என்ற சலுகையையும் சேர்த்தாங்க. எரிச்சல் கூடாமல் குறையுமா?

அதாவது ரெண்டு சின்ன ஸ்க்ரூவைத் திருகினால் சரியாகி இருக்க வேண்டிய விஷயம். இவங்க இன்ஜினையே கழற்றி மாற்றிட்டாங்க.

என்ன வந்தது?

2017 செப்டம்பர் 19 அன்று புது மெர்சி வந்தாங்க. உயிர்ப்பித்தல் அல்டிமேட்டாக இல்லாமல் சாதாரணத் திறமை ஆனது. ஒரு தடவைக்கு ஒரு ஆள், 30 வினாடி கூல்டவுன். அல்டிமேட்டாக வால்கிரி என்ற புதுசு வந்தது. 20 வினாடி நேரம் மெர்சி எங்கே வேண்டுமானாலும் சுதந்திரமாகப் பறக்கலாம், ஒளி ஒரு கூட்டாளியிடமிருந்து பக்கத்தில் இருக்கிறவங்களுக்கும் தாவும், உயிர்ப்பித்தலும் அந்த நேரத்தில் சீக்கிரம் சீக்கிரமாகக் கிடைக்கும்.

பார்க்க அழகா இருக்கும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அடுத்த பதினோரு மாதம் என்ன நடந்தது என்று பாருங்க.

2017 நவம்பர்: ஒருத்தரை எழுப்ப 1.75 வினாடி ஆகும், அந்த நேரத்தில் மெர்சியின் நடை வேகம் 75 சதவீதம் குறையும் என்று மாற்றினாங்க.

2018 ஜனவரி: வால்கிரி 20 வினாடியிலிருந்து 15 வினாடி ஆனது. அதற்குள் கிடைத்த கூடுதல் உயிர்ப்பித்தலும் போனது.

2018 ஆகஸ்ட்: சாதாரண நேரத்தில் கூட்டாளிக்குக் கொடுக்கிற உயிர் நொடிக்கு 60-லிருந்து 50 ஆகக் குறைந்தது.

இத்தனை வெட்டு ஏன்? புது மெர்சி இல்லாத டீமே இல்லை என்கிற நிலைமை வந்ததுதான் காரணம். 2018 ஜனவரியில் ஓவர்வாட்ச் லீகின் முதல் சீசன் தொடங்கியபோதும் மெர்சி இல்லாமல் ஆடுவது புத்திசாலித்தனமாக இருக்கவில்லை. ரெண்டு பக்கமும் மெர்சிகள் தலைக்கு மேலே பறந்துகொண்டே இருந்ததால், அந்தக் காலத்துக்கு ஆட்டக்காரர்கள் வைத்த பெயரே மாத் மெட்டா. மாத் என்றால் விட்டில் பூச்சி.

கடைசி வெட்டு எங்கே விழுந்தது என்பதைக் கவனிங்க. எரிச்சல் என்று சொன்னது உயிர்ப்பித்தலை. கடைசியில் வெட்டுப்பட்டது காயம் ஆற்றுகிற வேலை, அதாவது மெர்சியின் அன்றாடப் பிழைப்பு. 30 வினாடிக்கு ஒரு ஆளை எழுப்புகிற சக்தியைக் கையில் வைத்திருக்கிறவருக்கு மற்றதெல்லாம் பலவீனமாக இருந்தால்தான் கேம் சமநிலைக்கு வரும். வீட்டில் ஏசி போட்டதால் மின்கட்டணம் ஏறிவிட்டது என்று அடுப்பை அணைத்த கதை.

எரிச்சல் குறைந்ததா?

ஒரு எளிய கணக்கு போடலாம். பத்து நிமிஷ மேட்ச் என்றால் 600 வினாடி. 30 வினாடிக்கு ஒரு தடவை என்றால் அதிகபட்சம் 20 உயிர்ப்பித்தல். எல்லாம் பயன்படாது, பாதிதான் நடக்கும் என்றே வைச்சுக்கலாம். அப்பவும் எதிர் டீம் பத்து தடவை "நான் கொன்ன ஆள் எழுந்துட்டானே" என்று பல்லைக் கடிக்கும். மாஸ் ரெஸ் காலத்தில் இந்த அனுபவம் ஒரு மேட்சில் சில தடவைதான். அதுவும் மெர்சியிடம் அல்டிமேட் தயாராக இருக்கு என்று முன்கூட்டியே கணக்கு போட்டு, அதற்கேற்ற மாதிரி ஆடலாம். புதுசில் அப்படிக் கணக்கு போட ஒன்னும் இல்லை. எப்பவும் இருக்கும், எப்பவும் வரும்.

5-க்கு 5 ஆன பிறகு இது இன்னும் மோசம். அஞ்சு பேரில் ஒருத்தர் விழுந்தாலே சண்டை பாதி முடிந்த மாதிரி. அந்த முதல் ஆளை எழுப்புகிறது ஒரு அல்டிமேட் அளவுக்கு மதிப்புள்ள வேலை. அது சாதாரணக் கூல்டவுனில் கிடைக்கிறது.

கபடிக் கணக்கில் சொன்னால் இப்படி. சூப்பர் ரெய்டில் மூணு பேர் உள்ளே வருகிற விதியைத் தூக்கிவிட்டு, யார் தொட்டாலும் தொடாவிட்டாலும் கடிகாரம் பார்த்து அரை நிமிஷத்துக்கு ஒருத்தர் உள்ளே வரலாம் என்று விதி போட்டால் எப்படி இருக்கும்? மொத்தமாக உள்ளே வருகிறவங்க எண்ணிக்கை கிட்டத்தட்ட அதேதான் இருக்கலாம். ஆனால் எழுந்து நின்று கத்துவதற்கு ஒன்னும் இருக்காது.

அப்போ அல்டிமேட்? வால்கிரி வந்தபோது அதில் கொடுத்த உயிர் அளவும் நொடிக்கு அதே 60தான், பல பேருக்குத் தாவும் என்பது மட்டும் வித்தியாசம். ஸென்யாட்டாவின் 300-ஐ ஞாபகம் வைச்சுக்கோங்க. அந்தக் காலத்தில் பெரும்பாலான ஹீரோக்களின் மொத்த உயிர் 200. ஸார்யா எல்லாரையும் கட்டிப்போட்டு, மேலே ஹான்ஸோவின் டிராகன்கள் பாய்ந்தால், நொடிக்கு 60-ஐ வைத்து யாரையும் காப்பாற்ற முடியாது. முன்னால் இந்த இடத்தில் மெர்சியிடம் ஒரு பதில் இருந்தது. இப்போது அழகாகப் பறந்துகொண்டே நாலு பேர் சாவதைப் பார்க்கலாம்.

வால்கிரியில் தப்பு நேரம் என்று பெரிதாக ஒன்னும் கிடையாது. சண்டை ஆரம்பத்தில் போட்டாலும் கொஞ்சம் பலன், நடுவில் போட்டாலும் கொஞ்சம் பலன். தவறாகப் போட்டால் பெரிய நஷ்டம் இல்லை, சரியாகப் போட்டால் பெரிய லாபமும் இல்லை. ஒரு முடிவை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு கால அளவை வைச்சிருக்காங்க. என்னுடைய முதன்மையான குற்றச்சாட்டு இதுதான்.

திரும்பப் பெறுவது நடக்காத விஷயமா?

நடந்திருக்கு, வேற கேமில். லீக் ஆஃப் லெஜன்ட்ஸில் லெப்லாங்க் என்ற ஹீரோவை ரயட் நிறுவனம் 2016 நவம்பரில் மாற்றி அமைத்தது. கண் இமைக்கிற நேரத்தில் வெடித்துக் கொல்கிறவர் லெப்லாங்க். புது வடிவத்தில் அந்த வெடிப்பு கொஞ்சம் தாமதித்துத்தான் வரும் என்று செய்தாங்க. எதிரிக்குத் தப்பிக்க நேரம் கிடைக்கணும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் வேகம் போனால் லெப்லாங்க்கில் என்ன மிச்சம்? அடுத்த வருஷமே ரயட் பெரும்பகுதியைப் பழைய வடிவத்துக்குத் திருப்பியது. வானம் ஒன்னும் இடிந்து விழவில்லை.

ப்ளிசார்டும் பழைய மெர்சியை ஒரு தடவை வெளியே எடுத்திருக்கு. 2024 நவம்பரில் ஓவர்வாட்ச் கிளாசிக் என்ற பெயரில், 2016-ல் கேம் எப்படி வெளியானதோ அதே வடிவத்தைச் சில வாரம் ஆடக் கொடுத்தாங்க. மாஸ் ரெஸ்ஸும் அதில் இருந்தது. என்னை மாதிரி 2022-க்குப் பிறகு வந்தவங்க அதைக் கையில் தொட்டது அப்போதுதான். முதல் நாள் எங்க டீமில் ஒருத்தர் மைக்கில் "மூணு பேர் கீழே, இரு, இரு, இன்னும் ஒன்னு... இப்போ!" என்று கத்தினது இன்னும் காதில் இருக்கு. வால்கிரிக்கு யாரும் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை.

சில வாரம் வந்துபோன ஒரு ஏற்பாடு மட்டுமே, மாஸ் ரெஸ் சமநிலையானது என்று நிரூபித்துவிடாது. அதை நான் ஒத்துக்கிறேன். கிளாசிக்கில் எல்லாமே 2016 வடிவம். ஆனால் செய்யவே முடியாத விஷயம் இல்லை என்பது தெரிந்துவிட்டது.

ரிவர்ட் வேறு, ரீசெட் வேறு

திரும்பப் பெறணும் என்றவுடன் "அப்போ 2016-க்கே போயிடலாமா?" என்று கிண்டல் வரும். நம்மில் பாதிப் பேர் ப்ராஜெக்ட்டுக்கு கிட் பயன்படுத்துறோம், அதனால் இதைச் சுலபமாகச் சொல்லிடலாம். ரீசெட் ஹார்ட் என்றால் பழைய கமிட்டுக்குப் போய், அதற்குப் பிறகு செய்த எல்லாத்தையும் தூக்கி எறிவது. ரிவர்ட் என்றால் தப்பான அந்த ஒரு கமிட்டை மட்டும் ரத்து செய்கிற புதுக் கமிட் போடுவது. நடுவில் செய்த நல்ல வேலை எல்லாம் அப்படியே இருக்கும். வரலாறும் அழியாது, யார் எப்போது என்ன செய்தாங்க என்று லாகில் தெரியும்.

நான் கேட்கிறது ரிவர்ட். என் பட்டியல் இதுதான்.

ஒன்று: மாஸ் ரெஸ் மறுபடி அல்டிமேட் ஆகணும். 30 வினாடிக்கு ஒரு ஆளை எழுப்புகிற திறமை போகணும்.

ரெண்டு: எழுப்ப வேண்டியவரை மெர்சி நேரில் பார்க்கணும். நடுவில் சுவர் இருந்தால் எழுப்ப முடியாது. ஒளிந்துகொள்கிற பிரச்சினை இங்கேயே முக்கால்வாசி தீர்ந்துடும்.

மூணு: அழுத்தியவுடன் நடக்கக்கூடாது. ஒரு வினாடிக்கு மேல் ஆகணும், அந்த நேரத்தில் மெர்சி மேல் அடி விழணும், எதிரிக்குச் சத்தமும் வெளிச்சமும் தெரியணும். நல்ல எதிரி அதைத் தடுக்கலாம்.

நாலு: செத்து எவ்வளவு நேரம் ஆகிறதோ அந்த அளவுக்கு, எழுந்திருக்கும்போது உயிர் குறைவாக இருக்கணும். இப்போதுதான் விழுந்தவர் முழு உயிரோடு எழுவார், எட்டு வினாடிக்கு முன்னால் விழுந்தவர் பாதி உயிரோடு எழுவார். எல்லாரும் சாகட்டும் என்று காத்திருந்தால் அதற்கு ஒரு விலை உண்டு. ரெண்டு பேரைச் சீக்கிரம் எழுப்புகிறவருக்கு அதற்கான லாபம் உண்டு.

அஞ்சு: கூட்டாளியிடம் பறந்து போகிற திறமையில் இத்தனை வருஷம் வந்த மாற்றங்களைத் தொடக்கூடாது. காயம் ஆற்றுகிற அளவை, உயிர்ப்பித்தல் போனதற்கு ஈடாகக் கொஞ்சம் கூட்டித் தரலாம்.

இதில் வருகிற எண்களை மாற்றலாம், சோதித்துப் பார்க்கலாம். ஒரு வினாடியா ஒன்றரையா என்பது டெஸ்ட் சர்வரில் தெரிந்துவிடும். எண்ணைத் திருகுவது சுலபம். தூக்கிப்போட்ட முடிவை எந்த எண்ணாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

எதிர்ப்பவங்களுக்கு

"இது வெறும் பழைய ஞாபகம்" என்பாங்க. 2017-ல் எனக்கு 12, 13 வயது, ஓவர்வாட்ச் என்ற பெயரே தெரியாது. எனக்கு ஞாபகம் இருப்பதற்கு ஒன்னுமே இல்லை. பேட்ச் வரலாற்றைப் படித்து, ரெண்டு வடிவத்தையும் ஆடிப் பார்த்துத்தான் பேசறேன்.

"நாலு பேர் ஒரே நேரத்தில் எழுந்தால் 5-க்கு 5 தாங்காது" என்பாங்க. தாங்காவிட்டால் மூணு பேர் என்று வரம்பு வைக்கலாம். ஆனால் அடுத்த பக்கத்தையும் பார்க்கணும். 5-க்கு 5-ல் தன் கூட்டாளிகள் மூணு பேர் விழுந்து, மெர்சி மட்டும் உயிரோடு தப்பிப்பது முன்னைவிடக் கஷ்டம். மறைந்துகொள்ள டேங்க் ஒருத்தர்தான் இருக்கார்.

இன்னொரு எதிர்ப்பு கனமானது, அதை லேசாகத் தாண்டிப் போக எனக்கு மனசில்லை. இன்றைக்கு மெர்சி ஆடுற பெரும்பாலானவங்க வால்கிரியோடுதான் கற்றுக்கொண்டாங்க. அவங்களிடமிருந்து அதைப் பிடுங்கினால், 2017-ல் பழைய ஆட்டக்காரர்களுக்குச் செய்த அதே அநியாயம்தானே? நியாயமான கேள்வி. என் பதில் இது. இன்றைய மெர்சி ஆட்டக்காரர்களின் உண்மையான திறமை வால்கிரியில் இல்லை. கூட்டாளிக்குக் கூட்டாளி தாவித் தாவி, நடுவில் எகிறி, ஒரு குண்டும் படாமல் ஆடுகிற அந்த நகர்வில்தான் இருக்கு. அவங்க நூற்றுக்கணக்கான மணி நேரம் பழகினது அதைத்தான். என் பட்டியலில் அஞ்சாவதை வைத்தது இதற்காகத்தான். பார்க்கப்போனால், சுவருக்குப் பின்னால் நிற்காமல் சண்டைக்கு நடுவில் பறந்து வந்து நாலு பேரை எழுப்புகிற வேலைக்கு, 2016 ஆட்டக்காரரைவிட இன்றைய ஆட்டக்காரர்தான் பொருத்தமானவர்.

இதில் நமக்கு என்ன இருக்கு?

மெர்சி ஆடுறவங்களை இந்த கேமில் ரொம்பக் கேவலமாகப் பேசுவாங்க. "சுடத் தெரியாதவன் எடுக்கிற ஹீரோ", "பட்டனைப் பிடிச்சுக்கிட்டு பின்னாடியே வா" என்று மைக்கில் சாதாரணமாகக் கேட்கலாம். பெண் குரல் கேட்டால் இன்னும் மோசம். அந்த ஹீரோவிடமிருந்து பெரிய முடிவை எடுத்துவிட்டு, சின்னச் சின்ன வேலைகளை மட்டும் மிச்சம் வைத்தால், அந்தப் பேச்சு உண்மைதான் என்று கேமே முத்திரை குத்தின மாதிரி ஆகிடுது. முன்னால் அதே ஆளிடம் அதே மைக்கில் "மெர்சி, ரெஸ் இருக்கா? உன்னை நம்பித்தான் உள்ளே போறோம்" என்று கேட்டாகணும். அந்தக் கேள்விக்காகவே மாஸ் ரெஸ் திரும்ப வரணும்.

அடுத்த வருஷம் நம்மில் பலர் ஏதோ ஒரு கம்பெனியில் யாரோ பயன்படுத்துகிற ஏதோ ஒன்றை மாற்றிக்கொண்டிருப்போம். புகார் வரும். புகாரில் நியாயமும் இருக்கும். அப்போது புகாருக்குக் காரணமான சின்ன இடத்தைத் தேடணுமா, மொத்தத்தையும் கழற்றணுமா என்ற கேள்வி வரும். தப்பான பக்கம் போயிட்டோம் என்று தெரிந்தால், மூணு தடவை ஒட்டுப்போடுவதற்கு முன்னால் ரிவர்ட் என்று ஒரு கமாண்ட் இருப்பதை ஞாபகம் வைச்சுக்கலாம்.

வால்கிரி ரசிகர்கள் நம்ம டிபார்ட்மென்டிலேயே நாலைந்து பேர் இருக்கீங்க என்று எனக்குத் தெரியும். அடுத்த இதழுக்கு மறுப்புக் கட்டுரை எழுதி அனுப்புங்க, படிக்கக் காத்திருக்கேன். என் பட்டியலில் நாலாவதை மட்டும் முதலில் உடைச்சுக் காட்டுங்க. அதை உடைச்சா மற்றதைப் பேசலாம்.